பொன்னிக்கு ஐந்து வாரமாக வயிறு சரியில்லை: எந்தச் சத்துப் பொடியைத் தொடரலாம்?

செல்லூர் நிலா | ஜூன் 8, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பொன்னி இரண்டு வயது நாட்டுப் பூனை. கருத்தடை அறுவை முடிந்தவள். எடை 3 கிலோ 600 கிராம். சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம் அவளுக்குத் தொடங்கிய கழிச்சல் ஐந்து வாரமாகியும் நிற்கவில்லை. நாளுக்கு மூன்று அல்லது நான்கு முறை கூழ் போலப் போகிறாள். சில நாட்களில் ஓரத்தில் சளி ஒட்டியிருக்கிறது. இரத்தம் ஒரே ஒருமுறை நூல் போலத் தெரிந்தது. வாந்தி இல்லை, பசி குறையவில்லை, மாடிச் சுவரில் அணிலைத் துரத்தும் வேகமும் குறையவில்லை.

அருகிலுள்ள மருத்துவர் ஐந்து நாளுக்கு மெட்ரோநிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தார். மருந்து உள்ளே போகும் வரை மலம் கட்டியது. நிறுத்திய நான்காம் நாள் பழையபடி ஆனது. மறுமுறையும் அதே மருந்து, அதே கதை. அதன் பிறகு செல்லப்பிராணிப் பொருட்கள் விற்கும் கடையில் கேட்டு ஒரு புரோபயாட்டிக் பொடி (குடலுக்கு நல்ல நுண்ணுயிர்கள் அடங்கியது), செரிமான நொதிச் சொட்டு, வைட்டமின் டானிக், மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை, உலர்ந்த பூசணிப் பொடி என்று ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி, ஐந்தையும் இப்போது கொடுத்து வருகிறேன். இதுவரை 2,300 ரூபாய் ஆகிவிட்டது. இவற்றில் எதைத் தொடரலாம், எதை நிறுத்தலாம், இவற்றைவிடச் சிறந்தது ஏதேனும் உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

புதூர்வாசி | ஜூன் 8, இரவு 10.15

அக்கா, பொடிக்காரர்களுக்குக் கொடுத்த காசில் ஒரு மாதத்துக்கு நல்ல மீன் வாங்கியிருக்கலாம். எங்கள் வீட்டில் நான்கு பூனைகள் இருக்கின்றன. யாருக்கு வயிறு கெட்டாலும் என் தாயார் புளிக்காத தயிரில் ஒரு தேக்கரண்டி எடுத்துக் கொஞ்சம் சோற்றில் பிசைந்து வைப்பார்கள். இரண்டு நாளில் சரியாகிவிடும். தயிரில் இருப்பதும் அந்த நல்ல நுண்ணுயிர்கள்தானே? அதையே உலர்த்திப் பாக்கெட்டில் அடைத்தால் விலை இருபது மடங்காகிறது என்பது என் கட்சி.

உசிலை மருத்துவர் | ஜூன் 9, காலை 6.20

நான் கால்நடைப் பராமரிப்புத் துறையில் உதவி மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி மாடும் ஆடும்தான். பூனை வைத்தியத்தைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தம்பி புதூர்வாசி சொல்லும் இரண்டு நாள் கழிச்சல் பெரும்பாலும் தயிர் இல்லாமலும் இரண்டு நாளில் நிற்கக்கூடியது. சகோதரி நிலா சொல்வது அந்த வகை அல்ல. மூன்று வாரத்தைத் தாண்டிய கழிச்சலை நாட்பட்ட கழிச்சல் என்று தனியாகவே வைத்துப் பார்க்கிறோம். அங்கே எதைக் கூடுதலாகக் கொடுப்பது என்ற கேள்விக்கு முன்னால், என்ன உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்ற கேள்வி வர வேண்டும். மெட்ரோநிடசோல் கொடுக்கும்போது கட்டுவதும் நிறுத்தினால் இளகுவதும் மிகப் பழக்கமான காட்சி. காரணம் நீங்காமல் அறிகுறி மட்டும் அடங்கியிருக்கிறது என்பதே அதன் பொருள். தவிர, அந்த மருந்து கெட்ட நுண்ணுயிரை மட்டும் தேடிப்பிடித்துக் கொல்வதில்லை. குடலில் குடியிருக்கும் நல்லவற்றையும் வாரிக்கொண்டு போகிறது. ஆகவே மூன்றாம் முறை அதையே கேட்டு வாங்க வேண்டாம்.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. காலை முதல் இரவு வரை பொன்னி வாயில் போகும் அனைத்தும் என்ன, அளவு என்ன? பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்? மலப் பரிசோதனை செய்தீர்களா? வெளியே போய் வருகிறாளா? எடை குறைந்ததா?

செல்லூர் நிலா | ஜூன் 9, காலை 8.05

ஐயா, உடனே பதில் அளித்தமைக்கு நன்றி. காலையில் நெத்திலியோ சாளையோ வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டு, முள் நீக்கிச் சோற்றில் பிசைந்து வைக்கிறேன். மதியம் கடையில் வாங்கும் உலர் தீவனம் ஒரு கைப்பிடி. இரவு மறுபடியும் மீன் சோறு; ஞாயிற்றுக்கிழமை கோழி ஈரல். ஐந்து பொடிகளும் இரவுச் சோற்றில் கலக்கப்படுகின்றன. பால் நாங்கள் கொடுப்பதில்லை. பூச்சி மருந்து கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. மலப் பரிசோதனை செய்யவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மாடிக்கும் மாடிப்படிக்கும் போய்வருவாள், தெருவுக்கு இறங்குவதில்லை. எடை சென்ற மாதம் 3 கிலோ 700 இருந்தது.

கரிமேட்டுப் பூனைக்காரி | ஜூன் 9, மதியம் 2.30

நான் கரிமேடு மீன் மார்க்கெட்டுப் பக்கத்தில் குடியிருப்பவள். தெருப்பூனைகள் பதினொன்றுக்குத் தினமும் சோறு வைக்கிறேன். குடலைப் பற்றிப் பேசும் முன் நிலாவின் சமையலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மீன் வெந்த நீரை வடித்துக் கொட்டாதீர்கள், சோற்றிலேயே ஊற்றுங்கள்.

பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே வந்தாக வேண்டும். போதுமான அளவுக்கு அதன் உடலால் தயாரித்துக்கொள்ள முடியாது. அது நீரில் கரைவது என்பதால் வேகவைத்து நீரைக் கொட்டும்போது கணிசமாக வெளியேறிவிடுகிறது. டாரின் குறைந்தால் கண் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து இதயம் பெருத்துப்போகும். 1987 இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் இதை நிறுவும் வரை, அந்த இதயநோயால் பூனைகள் இறப்பது ஏன் என்று தெரியாமலே இருந்தது. டாரின் சேர்த்ததும் அந்தப் பூனைகளின் இதயம் தேறியது. தீவன நிறுவனங்களும் அளவைக் கூட்டின.

இதற்கும் குடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலத்தோடு டாரினை உடல் இணைக்கிறது. டாரின் இல்லாதபோது கிளைசின் என்ற வேறொன்றைப் பயன்படுத்திக்கொள்ளும் வசதி எல்லா உயிருக்கும் இல்லை. நாய்க்கு அந்த வசதி இல்லை, நமக்கு உண்டு, பூனைக்கும் இல்லை. ஆனால் நாய் டாரினை ஓரளவு தானே ஆக்கிக்கொள்கிறது, பூனை அதிலும் ஏழை. பித்தத்தோடு குடலுக்கு வரும் டாரினைக் குடல் நுண்ணுயிர்கள் சிதைத்துத் தின்றுவிடுகின்றன. எனவே எந்த உணவு அந்த நுண்ணுயிர்களை அதிகம் வளர்க்கிறதோ அந்த உணவில் டாரினும் அதிகம் வேண்டும். அமெரிக்கத் தீவன விதிகளில் உலர் தீவனத்துக்கு 0.1 விழுக்காடு, டப்பா உணவுக்கு 0.2 விழுக்காடு என்று, ஈரம் நீக்கிக் கணக்கிட்ட அளவில், இரட்டிப்பாக வைத்திருப்பதற்கு இதுவே காரணம். கோழி நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியிலும், எல்லாவற்றையும்விட இதயத்திலும் டாரின் கூடுதல். கறிக்கடையில் கோழி இதயத்தைக் கேட்டால் ஈரலோடு சேர்த்து மலிவாகவே தருகிறார்கள்.

இன்னொன்று: எங்கள் தெருவில் புரோட்டாக் கடையில் மிஞ்சும் சால்னாக் கோழியைப் பூனைக்கு வைக்கும் நல்ல மனதுக்காரர்கள் உண்டு. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகையை உண்டாக்கும். கழிச்சல் வந்தால் காரம் என்று நினைக்கிறார்கள். காரம் அதில் சின்னக் குற்றவாளி.

மேலூர்த் தோட்டம் | ஜூன் 9, மாலை 6.50

பெரியவர்கள் பேசும் இடத்தில் ஒரு நாட்டு வைத்தியக் கருத்து. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று ஒரு பெயர் இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் தோட்டத்தில் அந்தச் செடியை வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனைகள் எங்கிருந்தோ வந்து வேரை முகர்ந்து, கன்னத்தைத் தேய்த்து, புரண்டு படுக்கும். குழந்தைகளுக்கு வயிற்றுப்பூச்சி நீங்கக் குப்பைமேனி இலைச்சாறு கொடுப்பது நம் வழக்கம். பூனையே விரும்பித் தேடும் மூலிகையை, அதன் வயிற்றுப் பூச்சிக்கு இரண்டு சொட்டுக் கொடுத்துப் பார்த்தால் என்ன?

உசிலை மருத்துவர் | ஜூன் 10, காலை 6.10

மேலூர்த் தோட்டத்தாரின் கவனிப்பு உண்மை. அந்த வேரின் மணத்துக்குப் பூனை மயங்குவதை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் மணத்துக்கு மயங்குவது வேறு, மருந்தாக அருந்துவது வேறு. மல்லிகை மணத்துக்கு நாம் மயங்குகிறோம் என்பதற்காக யாரும் அதை அரைத்துக் குடிப்பதில்லை. குப்பைமேனியில் சயனைடு சேர்ந்த சேர்மம் ஒன்று உண்டு. சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைபாடுள்ள மனிதர்கள் அதைத் தின்று சிவப்பணுக்கள் உடைந்து மருத்துவமனைக்கு வந்த நிகழ்வுகள் இலங்கையிலிருந்து பதிவாகியுள்ளன. பூனையின் சிவப்பணுக்களோ இயல்பிலேயே எளிதில் உடைபவை. வெங்காயமும் பாரசிட்டமாலும் அதைக் கொல்வது அந்த வழியில்தான். வேரை முகர்ந்து புரளட்டும், சாறு வேண்டாம். உருண்டைப்புழுவுக்குப் பைரன்டெல், நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல் என்று எடைக்கேற்ற, சோதித்த மருந்துகள் இருக்கின்றன. ஆசனவாய் மயிரில் காய்ந்த அரிசி போலத் துண்டுகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது. தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் புழுவை மட்டும் நீக்கினால் சில வாரங்களில் திரும்பும். தெள்ளுப்பூச்சிக்கு நாய்க்கான சொட்டு மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

கரிமேட்டுச் சகோதரி டாரினைப் பற்றிச் சொன்னதில் சாரம் சரி. பித்த அமிலத்தைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்: மனிதன் கிளைசின், டாரின் இரண்டையும் பயன்படுத்துகிறான், நாயும் பூனையும் டாரினை மட்டுமே.

இனி நிலாவின் முதல் கேள்வி. புரோபயாட்டிக் என்று ஒரே பெயரில் விற்பவை எல்லாம் ஒன்றல்ல. மாடு என்றால் காங்கேயமா, புலிக்குளமா என்று கேட்கிறோம் அல்லவா? அதைப் போல நுண்ணுயிரின் இனத்துக்குள்ளும் வகை உண்டு. பலன் வகைக்கு உரியது. பூனையில் நன்றாகச் சோதிக்கப்பட்ட வகைகளுள் ஒன்று என்டெரோகாக்கஸ் ஃபீசியம் எஸ்.எஃப்.68. அமெரிக்க விலங்குக் காப்பகம் ஒன்றில் நடந்து 2011 இல் வெளியான ஆய்வில், இதைப் பெற்ற பூனைகளில் இரண்டு நாளோ அதற்கு மேலோ கழிச்சல் கண்டவை 7.4 விழுக்காடு, நுண்ணுயிர் இல்லாத வெறும் பொடி பெற்றவற்றில் 20.7 விழுக்காடு. இது உருப்படியான வேறுபாடு. ஆனால் அந்த ஆய்வு சொல்வது, புது இடத்தில் மிரண்டு போயிருக்கும் பூனைகளுக்கு வரும் குறுகிய காலக் கழிச்சலைப் பற்றி. ஐந்து வாரக் கழிச்சலைத் தீர்க்கும் என்று அது சொல்லவில்லை. கொடுத்த நுண்ணுயிர்கள் குடலில் நிரந்தரமாகக் குடியேறுவதும் இல்லை. நிறுத்தியதும் கொஞ்ச நாளில் மறைந்துவிடும். விருந்தாளி என்றே அவற்றைக் கொள்ள வேண்டும்.

சீட்டில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா என்பது அடுத்த சிக்கல். கனடாவில் விற்பனையிலிருந்த புரோபயாட்டிக் பொருட்களைச் சோதித்து 2011 இல் வெளியிட்ட ஆய்வில், எண்ணிக்கையைத் தெளிவாக எழுதியிருந்த 15 பொருட்களுள் 4 மட்டுமே சொன்ன அளவை எட்டின. அது குளிர்நாட்டுக் கடைகளின் கதை. நம்மூரில் தகரக் கூரைக் கிடங்கிலும் இருசக்கர வண்டிப் பெட்டியிலும் ஜூன் மாத வெயிலில் கிடந்து வரும் பொட்டலத்தில் எத்தனை உயிரோடிருக்கும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளுங்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால், சீட்டில் நுண்ணுயிரின் முழுப் பெயரும் வகையும் இருக்கிறதா, ஒரு வேளைக்கு எத்தனை கோடி என்று எழுதியிருக்கிறதா, அந்த எண்ணிக்கை தயாரித்த நாளுக்கா காலாவதி நாளுக்கா என்று பாருங்கள். ஒரு நாளைக்கு 100 கோடி அளவு என்பது பூனை ஆய்வுகளில் பழக்கமான கணக்கு.

தயிரைப் பற்றித் தம்பிக்கு: ஒரு தேக்கரண்டி நஞ்சல்ல. பாலைவிட அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை குறைவு என்பதால் சில பூனைகள் தாங்கும். ஆனால் வீட்டுத் தயிரில் எந்த வகை, எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். பூனைக் குடலில் அதன் வேலை என்ன என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. உங்கள் தாயாரின் பூனைகள் தேறியதில் தயிரின் பங்கைவிடக் காலத்தின் பங்கு பெரிது என்பது என் ஊகம். அவரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

நொதிச் சொட்டு, கணையம் நொதி சுரக்காத நோய்க்கு உரியது. பூனையில் அது அரிது. அதற்கென்று இரத்தப் பரிசோதனை உண்டு. அந்த நோய் இல்லாத பூனைக்கு நொதி கொடுப்பது நன்றாக அரைபடும் ஆலையில் இன்னொரு கல்லைத் தொங்கவிடுவது போல. மீன் ஈரல் எண்ணெய்தான் எனக்கு அதிகக் கவலை: அதில் வைட்டமின் ஏ, டி இரண்டும் செறிந்திருக்கின்றன, உடல் அவற்றைச் சேர்த்துவைக்கும். மேலே ஞாயிற்றுக்கிழமை ஈரலும் இருக்கிறது. நெடுநாள் ஈரலே தின்று வளர்ந்த பூனைக்குக் கழுத்தெலும்புகள் ஒட்டிப்போய், தலையைத் திருப்பி முதுகை நக்க முடியாமல் போவதுண்டு. இன்றே நிறுத்துங்கள்.

திருநகர்ப் பாரசீகம் | ஜூன் 10, இரவு 9.25

மருத்துவர் ஐயா எல்லாச் சத்துப் பொருளையும் ஒரே தட்டில் வைத்து ஒதுக்கிவிடுவாரோ என்ற பயத்தில் எழுதுகிறேன். எங்கள் பாரசீகப் பூனைக்குப் பதினொரு வயது. சென்ற ஆண்டு நான்கு மாதத்தில் 4 கிலோ 800 இலிருந்து 3 கிலோ 900க்கு இறங்கினான்; தின்றான், இளைத்தான். தைராய்டும் சிறுநீரகமும் சரியாக இருந்தன. வயிற்று ஸ்கேனில் சிறுகுடல் சுவர் தடித்திருந்தது. இரத்தத்தில் வைட்டமின் பி12 மிகக் குறைவு. வாரம் ஒருமுறை 250 மைக்ரோகிராம் வீதம் ஆறு ஊசி, பிறகு ஒரு மாதம் கழித்து ஒன்று என்று போட்டார்கள். கூடவே குடல் அழற்சிக்கான மருந்தும் கொடுத்தார்கள். மூன்றாம் ஊசிக்குப் பிறகுதான் மருந்தே வேலை செய்யத் தொடங்கியது போலிருந்தது. சத்துப் பொருள் உயிரைக் காத்த வீடு எங்கள் வீடு. ஆகவே நிலா பி12 டானிக் ஒன்றை முயன்று பார்க்கலாம்.

உசிலை மருத்துவர் | ஜூன் 11, காலை 6.30

ஒதுக்கவில்லை அம்மா. நீங்கள் சொன்னதே என் கட்சிக்கு நல்ல சான்று: முதலில் அளந்தார்கள், குறைவு என்று கண்டார்கள், பிறகு கொடுத்தார்கள். பி12ஐக் குடல் உறிஞ்ச வேண்டுமானால் அதற்கு ஒரு துணைப் புரதம் வேண்டும். மனிதனுக்கு அது இரைப்பையில் சுரக்கிறது, பூனைக்குக் கணையத்தில் மட்டுமே சுரக்கிறது. உறிஞ்சும் இடமோ சிறுகுடலின் கடைசிப் பகுதி. எனவே கணையம் கெட்டாலும் கடைக்குடல் கெட்டாலும் பி12 வற்றும். வற்றினால் குடல் செல்கள் புதுப்பிக்கப்படுவது தடைப்பட்டு, கழிச்சல் மேலும் மோசமாகும். வயதான, இளைக்கிற பூனைக்கு அந்தப் பரிசோதனையைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு வயதில் நூறு கிராம் மட்டுமே குறைந்து, அணிலைத் துரத்தும் பொன்னிக்கு அதை வரிசையில் நான்காவதாக வைப்பேன். மலப் பரிசோதனை, பூச்சி மருந்து, உணவு மாற்றம் ஆகிய மூன்றும் அதற்கு முன்னால் வரும்.

நிலாவிடம் ஒரு வேண்டுகோள். வைட்டமின் டானிக் புட்டியின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்.

செல்லூர் நிலா | ஜூன் 11, இரவு 8.50

ஐயா, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். வைட்டமின்களின் வரிசைக்குப் பிறகு, "சார்பிட்டால் கரைசல் சேர்த்தது" என்று இருக்கிறது. இது குழந்தைகளுக்கான டானிக். பூனைக்கும் கொடுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். நாளுக்கு 5 மில்லி கொடுத்து வருகிறேன்.

உசிலை மருத்துவர் | ஜூன் 11, இரவு 9.30

அதை எதிர்பார்த்துத்தான் கேட்டேன். சார்பிட்டால் குடலில் முழுதாக உறிஞ்சப்படாமல் நீரை இழுத்து வைத்துக்கொள்வது. மனிதர்களுக்கு மலமிளக்கியாகவே அதைக் கொடுக்கிறோம். குழந்தை முகம் சுளிக்காமல் குடிப்பதற்காக டானிக்கில் சேர்க்கும் இனிப்பு அது. இதில் நகைப்புக்குரியது என்னவென்றால், பூனையின் நாவுக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பியின் ஒரு பாதிக்கான மரபணு வீட்டுப் பூனையிலும் புலியிலும் செயலிழந்து கிடக்கிறது என்று 2005 இலேயே கண்டறிந்துவிட்டார்கள். பொன்னிக்கு அந்த இனிப்பினால் கிடைத்தது கழிச்சல் மட்டுமே. கழிச்சலைத் தொடங்கியது டானிக் அல்ல என்பது உங்கள் தேதிகளிலிருந்து தெரிகிறது. ஆனால் அடங்கவிடாமல் வைத்திருப்பதில் அதற்குப் பங்கு இருக்கும்.

நாளை முதல் ஐந்து பொடிகளையும் நிறுத்துங்கள். மூன்று வெவ்வேறு நாட்களின் மலத்தை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஒட்டுண்ணிகள் தினமும் வெளிப்படுவதில்லை என்பதால் ஒரு நாள் மாதிரியை நம்ப முடியாது. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிக்குத் தனியாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அருகில் வசதி இல்லையென்றால் அரசு கால்நடைப் பன்முக மருத்துவமனையில் விசாரியுங்கள். பூச்சி மருந்தை எடை பார்த்து மருத்துவர் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு இரண்டு வாரம் ஒரே ஒரு இறைச்சி: இதுவரை அவள் மீனே தின்றிருப்பதால், வேகவைத்த கோழித் தொடைக்கறியும் அது வெந்த நீரும், பழகிய சோறு கொஞ்சமும் போதும். உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். இது இரண்டு வாரச் சோதனைக்கு மட்டும். சுண்ணாம்புச்சத்து இல்லாத இந்த உணவு மாதக்கணக்கில் நீடிக்கக் கூடாது. நோக்கம், என்ன நீக்கியபோது என்ன மாறியது என்பதைக் காண்பது. ஆகவே வேறு எதுவும், ஒரு துணுக்குக்கூட, வாயில் போகக் கூடாது.

புதூர்வாசி | ஜூன் 12, காலை 7.45

தயிர்க் கட்சியிலிருந்து ஒரு சிறு சந்தேகம். எங்கள் நான்கில் ஒன்றுக்குக் கோடையில் மலச்சிக்கல். விளக்கெண்ணெய் விடலாம் என்கிறார்கள்.

உசிலை மருத்துவர் | ஜூன் 12, காலை 8.10

வேண்டாம். எண்ணெயைக் கட்டாயமாக வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் கெடும். அந்த அபாயம் லிக்விட் பாரஃபினுக்கும் உண்டு. மனிதருக்கு விற்கும் பாஸ்பேட் எனிமா பூனையைக் கொன்றுவிடும். உலர் தீவனத்தில் நீர் பத்து விழுக்காடுதான், மீனிலும் கறியிலும் எழுபதுக்கு மேல். மதுரை வெயிலில் அந்த வேறுபாடு மலத்தில் தெரியும். தீவனத்தைக் குறைத்து நீர்ச்சாறோடு உணவு வையுங்கள். இசப்கோல் கால் தேக்கரண்டியை நிறைய நீரில் ஊறவைத்துக் கலக்கலாம்; நீரில்லாமல் கொடுத்தால் அதுவே அடைக்கும். இரண்டு நாள் போகாமல் முக்கினால் மருத்துவரிடம் போங்கள். ஆண் பூனையாக இருந்தால் முக்குவது மலத்துக்கா சிறுநீருக்கா என்று முதலில் பாருங்கள். சிறுநீர் அடைத்திருந்தால் ஒரு நாளைக்கூட வீணாக்க முடியாது.

செல்லூர் நிலா | ஜூன் 20, இரவு 9.15

பொடிகளை நிறுத்தி எட்டு நாட்கள் ஆகின்றன. நான்கு முறை என்பது இரண்டாகக் குறைந்துவிட்டது, சளி மறைந்தது, ஆனால் மலம் இன்னும் முழுதாகக் கட்டவில்லை. மூன்று மாதிரிகளிலும் புழு முட்டை இல்லை, ஜியார்டியாவும் இல்லை. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. கோழிக்கறியை ஆவலோடு தின்கிறாள். இதற்கு மேல் பி12 பார்க்கலாமா ஐயா?

கரிமேட்டுப் பூனைக்காரி | ஜூன் 20, இரவு 9.50

நிலா, ஒன்று கேட்கிறேன், தவறாக எண்ணாதீர்கள். மாடிப்படிக்குப் போய்வருவாள் என்றீர்கள். மாடியில் யார் இருக்கிறார்கள்? என் பதினொன்றில் ஒன்றுக்கு நான் வைப்பதைத் தவிர மூன்று வீட்டில் சாப்பாடு நடக்கிறது என்பதை, அது குண்டான பிறகே கண்டுபிடித்தேன்.

செல்லூர் நிலா | ஜூன் 21, மதியம் 1.20

கரிமேட்டு அக்கா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். அல்லது இந்த இழையின் நிலவரப்படி கோழி இதயம் போட வேண்டும்.

மாடி வீட்டுக்குச் சித்திரையில் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்தது. அங்கிருக்கும் பாட்டிக்கு எண்பது வயதிருக்கும். இன்று காலை நான் மேலே போய்ப் பேச்சுக் கொடுத்தபோது, கதவோரத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. "உன் பூனை தினமும் ரெண்டு வேளை வந்து பால் கேட்கிறா, பாவம், வாயில்லா ஜீவன், நான் காய்ச்சி ஆற்றி ஊத்துறேன். நீ ஊத்துறதில்லையாமே?" என்று என்னையே கடிந்துகொண்டார். கணக்குப் பார்த்தால் அவர்கள் குடிவந்த வாரமும் கழிச்சல் தொடங்கிய வாரமும் ஒன்றாக இருக்கின்றன. கிண்ணத்தில் 100 மில்லி பிடிக்கும். இரண்டு வேளைக்கு 200. நான் சொன்ன "பால் நாங்கள் கொடுப்பதில்லை" என்ற வாக்கியம் உண்மைதான். வீடு என்பதை நான் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொண்டுவிட்டேன்.

உசிலை மருத்துவர் | ஜூன் 21, மாலை 5.40

பி12 காத்திருக்கட்டும். குட்டியாக இருக்கும்போது பாலின் லாக்டோஸைச் சிதைக்கும் நொதி பூனைக்கு நிறைய இருக்கும். பால் மறந்த பிறகு குறைந்துகொண்டே போகும். சிதையாத லாக்டோஸ் பெருங்குடலுக்கு இறங்கி நீரை இழுக்கும், அங்கே புளிக்கும். சார்பிட்டால் செய்த வேலையையே அது வேறு பெயரில் செய்கிறது. மூன்றரைக் கிலோப் பூனைக்கு 200 மில்லி என்பது, ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர் தினமும் கிட்டத்தட்ட மூன்று லிட்டர் பால் குடிப்பதற்குச் சமம். பாட்டியிடம் எப்படிச் சொல்லப் போகிறீர்கள் என்பதுதான் இனி இந்த நோயின் சிகிச்சை. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

திருநகர்ப் பாரசீகம் | ஜூன் 21, இரவு 8.00

கொடுக்காதீர்கள் என்று சொன்னால் பெரியவர்கள் கேட்க மாட்டார்கள், ஒளித்துக் கொடுப்பார்கள். அதற்குப் பதிலாக இதைக் கொடுங்கள் என்று கையில் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். என் மாமியாரிடம் நான் கற்றது.

செல்லூர் நிலா | ஜூலை 5, காலை 10.10

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். பால் நின்ற நான்காம் நாள் மலம் கட்டியது; இப்போது நாளுக்கு ஒருமுறைதான் போகிறாள். எடை மறுபடியும் 3 கிலோ 700. சோதனை உணவை முடித்து, பத்து நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மீனையும் உலர் தீவனத்தையும் திரும்பச் சேர்த்து வருகிறேன். மீன் வெந்த நீர் இப்போது சோற்றுக்குள் போகிறது.

திருநகர் அம்மாவின் யோசனைப்படி, ஒவ்வொரு காலையிலும் உப்பில்லாமல் வேகவைத்த நான்கு நெத்திலியைச் சிறு டப்பாவில் போட்டுப் பாட்டியிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் அதைத் தம் எவர்சில்வர் கிண்ணத்திலேயே வைத்து, பால் ஊற்றிய அதே நேரத்துக்குக் கதவைத் திறக்கிறார். பொன்னியின் மொத்த உணவில் அந்த நான்கையும் கழித்துக்கொள்கிறேன்.

மீதமிருந்த பொடிகளில் பூசணிப் பொடியைப் புதூர்வாசியின் மலச்சிக்கல்காரனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்க எண்ணினேன். திறந்து பார்த்தால் சமையலறைச் சூட்டில் கட்டிபிடித்துக் கிடந்தது. குப்பையில் போட்டுவிட்டேன்.

புதூர்வாசி | ஜூலை 5, காலை 10.40

நல்லதாயிற்று அக்கா. அவன் இசப்கோலில் தேறிவிட்டான். என் தாயார் மட்டும் அதைத் தயிரில்தான் ஊறவைக்கிறார்கள்.